தொட்டால் நம்ம பக்கம்

ஒவ்வொரு வருடமும் ஏழாம் வகுப்பில் அசமன்பாடுகள் பாடம் வரும்போது கரும்பலகையில் அந்தக் குறியைப் போடுகிறேன். "பெரிய எண் இருக்கும் பக்கம் வாயைத் திறக்கும், சின்ன எண்ணுக்கு மூக்கைக் காட்டும்" என்று சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் என் கண் தானாகக் கடைசி பெஞ்சுக்குப் போகும். அங்கேயிருந்து ஒரு "அதெப்படி?" வருமா என்று பார்ப்பேன். வராது. எல்லோரும் நல்ல பிள்ளைகள், சொன்னதை எழுதிக்கொள்கிறார்கள். எனக்குத்தான் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

"அதெப்படி" அந்த அக்காவின் சொல். அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. எழுதினால், "என்னைக் கேக்காம என் பேரை எப்படிப் போட்டே? அதெப்படி?" என்று நான் இப்போது வேலை பார்க்கும் படூர் வரைக்கும் பஸ் பிடித்து வந்துவிடுவார். வேண்டாம், அக்காவாகவே இருக்கட்டும்.

முதலில் பார்த்தது பஸ்ஸில். அப்போது நான் கணக்கில் பட்டம் முடித்துவிட்டு, செங்கல்பட்டில் ஒரு சைக்கிள் கடை மாடியில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். திருக்கழுக்குன்றத்தில் ஒரு வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவேன். அந்தத் தடத்தில் மாமல்லபுரம் போகும் பஸ், இலவச பஸ் இல்லை. படியேறினதுமே உள்ளே சண்டை நடந்துகொண்டிருந்தது தெரிந்தது.

பஸ் கதவோரம் ஒரு கோடு போட்டிருப்பார்கள், குழந்தைகளின் உயரம் பார்ப்பதற்கு. அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு பெண் பிள்ளையை முதுகை ஒட்ட நிறுத்தி வைத்திருந்தார் அக்கா. பிள்ளையின் தலை சரியாகக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"தொட்டுச்சு இல்ல? அப்போ முழு டிக்கெட்டு" என்றார் கண்டக்டர்.

"தொட்டா எப்படி முழுசு? தாண்டினாத்தான் முழுசு. கோட்டுக்கு மேல எங்கனா தலை தெரியுதா, காட்டு பாக்கலாம்!"

"இன்னாக்கா, காலங்காத்தால பேஜாரு பண்றே. கொண்டை மேல தெரியுது பாரு."

"கொண்டைக்கா டிக்கெட்டு? தலைக்குத்தானே? காவ்யா, கொண்டையை அவுருடி."

காவ்யா என்ற அந்தப் பிள்ளை அவமானத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தது. "யம்மா, காசைக் குடுத்துட்டு உக்காரும்மா" என்று முனகியது. பஸ்ஸில் பாதி பேர் கண்டக்டர் கட்சி, பாதி பேர் அக்கா கட்சி. பின் சீட்டில் ஒரு பெரியவர், "கோடுன்னா அந்தாண்டயும் சேத்தி, இந்தாண்டயும் சேத்தி" என்று நடுவில் ஒரு மூன்றாவது கட்சியை ஆரம்பித்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த உயரம் வரைக்கும் அரை டிக்கெட்னுதானே கோடு போட்டிருக்காங்க? அப்போ தொட்டாலும் அரை டிக்கெட்தான், கோடும் சேர்த்திதான்" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்னவோ நீதிபதி மாதிரி. "கேட்டியா அண்ணாத்த? தம்பி சொல்லுது." கண்டக்டர் என்னை முறைத்துக்கொண்டே அரை டிக்கெட்டைக் கிழித்தார். எனக்கு மட்டும் சில்லறை பாக்கியை நான் இறங்கும் ஸ்டாப்பில்தான் தந்தார்.

"தம்பி இன்னா வேலை?"

"கணக்கு டியூஷன் எடுக்கிறேன்கா."

"எங்கே?"

அப்படித்தான் காவ்யா என்னிடம் வந்து சேர்ந்தாள். கூடவே அக்காவும்.

பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை அவருக்கு. அங்கே மேற்பார்வை செய்கிற அம்மா ஓய்வு பெறப் போகிறார். அந்த இடத்துக்கு அக்காவைப் போடுவதற்கு மேனேஜருக்கே விருப்பம். ஒரே தடை, எட்டாவது தேறியிருக்க வேண்டும். அக்கா ஏழாவதோடு நின்றவர். மழைக்காலத்துக்குள் சான்றிதழ் வந்தால் இவருக்கு, இல்லாவிட்டால் வெளியாள்.

"நான் அந்த மேனேஜரைக் கேட்டேன் சாரு. எட்டாவது படிச்சாத்தான் பெட்ஷீட்டை எண்ண முடியுமா, அதெப்படின்னு. அவரு 'ரூல்'ங்கறாரு. சரி, எழுதித் தொலைக்கிறேன்னுட்டேன். இத்தினி வருசமா அந்தம்மா கிட்ட 'இந்த மூலை, அந்த மூலை'ன்னு திட்டு வாங்கினது போதும். இனிமே நான் திட்டணும்."

எட்டாவது தனித்தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் வந்திருந்தார். தமிழும் சமூக அறிவியலும் அவருக்குப் பயமில்லை. ஆங்கிலத்தை மனப்பாடம் செய்துவிடுவதாகச் சொன்னார். "கணக்கு மட்டும் மனப்பாடத்துல வராது. அது கேட்டுக் கேட்டுத்தான் வரும்."

கேட்டார். எதைச் சொன்னாலும் கேட்டார். எனக்கு அது புதிது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். படாளத்தில் கழனி வேலைக்குப் போகிற அப்பா, முதல் நாள் என் தலையில் எண்ணெய் தடவிவிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்று: "சார் சொன்னதைக் கேட்டுக்கோ. எதுத்து எதுவும் கேக்காத, பேரை எடுத்துடுவாங்க." பட்டம் வாங்குகிற வரைக்கும் நான் யாரையும் எதையும் கேட்டதில்லை. சொன்ன விதிகளையெல்லாம் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தேன். அந்த அக்காவின் பெயரை யாரும் எடுக்க முடியாது, எந்தப் பதிவேட்டிலும் இருந்தால்தானே? அதனாலோ என்னவோ, பயமே இல்லை.

முதல் அசமன்பாடு எளிதுதான். ஓர் எண்ணோடு நான்கைக் கூட்டினால் ஏழைவிட அதிகம், அந்த எண் என்ன?

"மூணு" என்றார் உடனே.

"மூணும் நாலும் ஏழுதான்கா. ஏழை விட அதிகமா வேணும்."

"அப்போ நாலு."

"நாலும் சரி. அஞ்சும் சரி."

"அதெப்படி? ஒரு கேள்விக்கு ரெண்டு பதிலா?"

"ரெண்டு இல்லக்கா. மூணை விடப் பெரிய எல்லா எண்ணும் பதில்தான்."

"நூறு?"

"சரி."

"லட்சம்?"

"சரி."

"மூணே கால்?"

"அதுவும் சரி."

அக்கா சுற்றியிருந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்தார். "ஊரே பதிலுன்னா அப்புறம் கேள்வி எதுக்குடா?" என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காவ்யா முகத்தைப் புத்தகத்தால் மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அக்காவே சொன்னார். "ஓ. எங்க ரிசார்ட்டுல ஒரு ரூமுக்கு ரெண்டு பேருக்கு மேல இருந்தா கூட ஒரு பெட்டு போடணும். மூணு பேரு வந்தாலும் போடணும், நாலு பேரு வந்தாலும் போடணும். யாரு வருவாங்கன்னு தெரியாது, ஆனா எப்ப போடணும்னு தெரியும். அதானே?"

அதேதான். அன்றைக்கு அவர் குறிக்குக் கீழே போடுகிற சின்னக் கோட்டையும் பிடித்துக்கொண்டார். "இந்தக் கோடு எதுக்கு சாரு?" என்றார். "அந்த எண்ணும் சேர்த்தின்னு அர்த்தம். பஸ்ஸுல காவ்யா தலை மாதிரி" என்றேன். அதோடு அந்தக் கோட்டைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தனக்குச் சொந்தமான பொருளைப் போல அழுத்தி அழுத்திப் போடுவார்.

மாட்டிக்கொண்டது குறை எண்ணில்.

−2x < 6 என்று ஒரு கணக்கு. இரண்டு பக்கத்தையும் −2 ஆல் வகுக்க வேண்டும். அக்கா வகுத்து x < −3 என்று எழுதியிருந்தார்.

"மைனஸால வகுத்தா குறியைத் திருப்பணும்கா. x > −3."

"எதுக்குத் திருப்பணும்?"

"அது விதி."

"விதின்னா ஜோசியக்காரன் கிட்ட போயிருப்பேனே. உன் கிட்ட எதுக்கு வந்தேன்?"

சரி பார்த்துக் காட்டினேன். "உங்க பதில்படி மைனஸ் நாலு சரியா இருக்கணும். போட்டுப் பாருங்க. மைனஸ் ரெண்டும் மைனஸ் நாலும் பெருக்கினா எட்டு. எட்டு ஆறை விடச் சின்னதா?"

"இல்லை."

"சைபரைப் போடுங்க. சைபர் ஆறை விடச் சின்னது. அப்போ சைபர் பதில்ல இருக்கணும். உங்க பதில்ல இல்லை."

"என் பதில் தப்புன்னு தெரியுது சாரு. ஏன் தப்புன்னு தெரியலையே. எதையும் நான் திருப்பலை, அது எப்படித் தானா திரும்பிக்கினு நிக்குது?"

எனக்கும் தெரியவில்லை. எண்கோடு வரைந்தேன், எனக்கே குழப்பமாக இருந்தது. இரண்டு நாள் சண்டை. மூன்றாம் நாள் காவ்யா கெஞ்சினாள். "யம்மா, கண்ணை மூடிக்கினு திருப்பிடும்மா. மார்க்கு வரும்."

"கண்ணைத் தொறந்துகினுதான் திருப்புவேன்" என்றார் அக்கா. "இல்லேன்னா திருப்ப மாட்டேன். வேற கேள்வி எழுதறேன்."

ஒன்றை விட்டுவிட்டு வேறு கேள்வி எழுதுகிற நிலையில் அவர் இல்லை. மாதிரித் தேர்வில் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டுக் கணக்கில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தார். ஒரு கேள்வியை விட்டுக்கொடுத்தால் எட்டாவதே போய்விடும். எட்டாவது போனால் மழைக்காலத்தில் வெளியாள் வந்துவிடுவார். அதைச் சொன்னேன். "தெரியுது சாரு" என்றார். முகம் வாடியிருந்ததே தவிர, பேனா அசையவில்லை.

எங்கள் தெருவுக்குக் கோடையில் தண்ணி லாரிதான். அக்கா வீடும் அதே தெருக் கோடியில் என்பது டியூஷனுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. லாரி எப்போதும் மெயின் ரோட்டுப் பக்கமிருந்து வரும். அதனால் அந்த முனையிலிருந்து குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, ஆட்கள் வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. எங்கள் தெருவில் சண்டை போடாமல் எல்லோரும் மதிக்கிற சட்டம் அது ஒன்றுதான்.

தேர்வுக்கு முந்தின வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்காவின் பச்சைக் குடம் இரண்டாவது. வேலைக்குப் போவதற்கு முன் எழுந்து வைத்த குடம். நான் பல் தேய்த்துக்கொண்டே வந்து என் நீலக் குடத்தைக் கடைசியில் வைத்தேன். அந்தக் கடைசி, தெருவின் மறு முனை வரை போயிருந்தது.

மெயின் ரோட்டு முனையில் சாக்கடைக்காகப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். லாரி சுற்றிக்கொண்டு வந்து மறு முனையில் நுழைந்தது. நேராக என் குடத்துக்கு முன்னால் நின்று ஹாரன் அடித்தது.

தெருவே ஓடி வந்தது. "குடத்தை எல்லாம் மாத்தி வையி" என்று ஒருவர். "யாரும் கை வைக்கக் கூடாது, குடம் வச்ச இடம் வச்ச இடம்தான்" என்று இன்னொருவர். லாரிக்காரர் அதைப் பற்றிக் கவலைப்படாமல் குழாயை எடுத்து என் குடத்தில் விட்டார்.

அக்கா தெருவின் அந்தக் கோடியிலிருந்து வந்த வேகத்தில் நான் குடத்தை விட்டுவிட்டு ஒதுங்கினேன்.

"டேய் சாரு! இருட்டுல எழுந்து குடம் வச்சவ நானு. பல்லு வெளக்கிக்கினு வந்தவன் நீ. உனக்கு மொதல்ல, எனக்குக் கடைசியில? அதெப்படி?"

"நான் ஒண்ணும் பண்ணலைக்கா! வச்ச இடத்துலதான் வச்சிருக்கேன். உங்க குடமும் நகரலை, என் குடமும் நகரலை. லாரிதான் அந்தப் பக்கத்துல இருந்து வராம இந்தப் பக்கத்துல இருந்து—"

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டேன். அக்காவும் நின்றுவிட்டார். இடுப்பில் வைத்த கை அப்படியே இருந்தது. கண் மட்டும் வரிசையில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனது, திரும்ப வந்தது.

"எந்தக் குடமும் நகரலை" என்றார் மெதுவாக.

"இல்லை."

"ஆனா முன்னாடி இருந்ததெல்லாம் பின்னாடி."

"ஆமா."

"எனக்கு முன்னாடி இருந்த மஞ்சக் குடம் இப்ப எனக்குப் பின்னாடி. எல்லாருக்கும் இதே கதை." குனிந்து ஒரு குச்சியை எடுத்தார். தெரு மண்ணில் ஒரு கோடு கீறினார், நடுவில் ஒரு புள்ளி. "இது சைபரு. இந்தப் பக்கம் ரெண்டு, அஞ்சு. மைனஸ் போட்டா அந்தப் பக்கம் போய் மைனஸ் ரெண்டு, மைனஸ் அஞ்சு. அஞ்சு வலது கோடியில முன்னாடி நின்னுச்சு. மைனஸ் அஞ்சு இடது கோடியில பின்னாடி நிக்குது. லாரியை அந்தாண்டயிருந்து வர வச்சுட்டானுங்க. இதைத்தான் மூணு நாளா எனக்குச் சொல்லிக்கினு இருந்தியா?"

நான் மூன்று நாளாக இதைச் சொல்லவில்லை. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அதைச் சொன்னேன். அவர் சிரித்தார், தெருவே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு.

"என் தண்ணியை நீங்க எடுத்துக்கோங்கக்கா" என்றேன்.

"வாணாம். வரிசை திரும்பிடுச்சு, நான் பின்னாடியே நிக்கிறேன். கணக்குன்னா கணக்கு." பிறகு லாரிக்காரரிடம் போனார். "கடைசிக் குடம் வரைக்கும் தண்ணி வரலைன்னு வையி, உன்னை உட மாட்டேன்."

கடைசிக் குடம் வரைக்கும் வந்தது. வராமல் என்ன செய்யும்?

தேர்வு முடிந்து வெளியே வந்தபோது பள்ளிக்கூட வாசலில் நானும் காவ்யாவும் நின்றோம். தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். "வந்துச்சு சாரு! மைனஸ் வந்துச்சு! லாரியைச் சுத்திக்கினு வர வச்சுட்டேன்!" பக்கத்தில் வந்துகொண்டிருந்த மற்றவர்கள், என்ன லாரி என்று பார்த்தார்கள்.

முடிவு வந்த நாள் என் போனில்தான் பார்த்தோம். சைக்கிள் கடை மாடிப்படியில் மூன்று பேரும். தமிழ் எழுபதுக்கு மேல். ஆங்கிலம் தப்பித்துக்கொண்டது. கணக்கைப் பார்த்தேன். முப்பத்தைந்து.

அக்கா எட்டிப் பார்த்தார். காவ்யாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"சாரு" என்றார். குரலே வேறாக இருந்தது. "முப்பத்தஞ்சுன்னா உள்ளேயா, வெளியேயா?"

பாக்கெட்டிலிருந்த பேனாவை எடுத்து என் உள்ளங்கையில் எழுதிக் காட்டினேன். மதிப்பெண், வாயைத் திறந்த குறி, முப்பத்தைந்து. கீழே அந்தக் கோட்டை அழுத்திப் போட்டேன்.

"கோடு கீதா?"

"இருக்குக்கா. பாஸ்."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். காவ்யாதான் விடவில்லை. "யம்மா, அன்னிக்கு பஸ்ஸுல தொட்டா தாண்டினதா ஆவாதுன்ன. இன்னிக்குத் தொட்டதுக்கே பாஸுங்கற. அதெப்படி?"

அக்கா கண்ணைத் துடைத்த முந்தானையோடு நிமிர்ந்தார். எவ்வளவு நேரம் யோசித்தார்? மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை.

"அங்கே கோட்டுக்குக் கீழ நம்ம எடம். இங்கே கோட்டுக்கு மேல நம்ம எடம். ரெண்டு எடத்துலயும் தொட்டா நம்ம பக்கம்டி. இன்னா சாரு, சரிதானே?"

முற்றிலும் சரி. நான் எத்தனையோ வருடமாகப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பார்க்கிறேன், இவ்வளவு சுருக்கமாக வரவில்லை.

மழைக்காலம் தொடங்குவதற்குள் அவர் மேற்பார்வையாளர் ஆனார். கழுத்தில் அட்டை தொங்கியது. நான் அவரைக் கடைசியாகப் பார்த்ததும் அதே பஸ்ஸில்தான். எனக்குப் படூரில் பள்ளிக்கூட வேலை கிடைத்து, திருக்கழுக்குன்றத்து வீட்டில் சொல்லிக்கொண்டு வரப் போன நாள். விடுமுறை என்பதால் காவ்யாவும் அம்மாவோடு கடல் பார்க்க வந்திருந்தாள். கதவோரக் கோட்டுக்கு மேல் அவள் தலை நாலு விரல் போயிருந்தது, கொண்டை இல்லாமலேயே.

அதே கண்டக்டர். தூரத்திலேயே அக்காவைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்தார்.

அக்கா காசை நீட்டினார். "ரெண்டு முழுசு."

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்றார். பிள்ளையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். ஏதோ பொறி வைத்திருக்கிறார் என்ற சந்தேகம் முகத்தில்.

"இன்னாக்கா, சண்டை கிண்டை ஒண்ணும் இல்லையா?"

"தாண்டிட்டா அண்ணாத்த" என்றார் அக்கா. மகளின் தலையில் கையை வைத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி இன்னொரு முறை சொன்னார். "தாண்டிட்டா. இனிமே இன்னா சண்டை?"